டிப்ளமோ ஐடி சேரப் போகும் தம்பி, தங்கைகளுக்கு

பாலிடெக்னிக் லேபில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன். பத்தாவது முடித்தவர்களுக்கு 3 வருடப் படிப்பு. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருந்தால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பிளெக்ஸ் பேனரைப் பார்த்துக் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் என்று அங்கே படிக்கும் பையன்களிடமே கேளுங்கள். உண்மை வரும்.

சரி, சேர்ந்தாச்சு. ரெக்கார்டு நோட்டில் இருப்பதை அப்படியே டைப் செய்தால் மார்க் வரும், வேலை வராது. எஸ்கியூஎல் (டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கும் மொழி) பயிற்சிக்கு உங்கள் தெரு மளிகைக்கடைக் கடன் நோட்டை எடுங்கள். வாடிக்கையாளர் ஒரு டேபிள், பாக்கி ஒரு டேபிள். இரண்டையும் ஜாயின் செய்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்று எடுத்துப் பாருங்கள். ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீ எதற்கென்று அப்போதுதான் புரியும். (கடைக்காரர் நோட்டைத் தருவாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.)

நெட்வொர்க் கேபிள் முனையில் பிளக் வைத்து அழுத்த, அதாவது கிரிம்ப் செய்ய, டி568பி என்ற வயர் நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் உதவும்.

அப்புறம், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் எண்ணம் இருந்தால் கணக்கை விட்டுவிடாதீர்கள். போன உடனே அங்கே கணக்குப் பேப்பர்தான் காத்திருக்கும்.