நாவலைக் குடும்பப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எதை வெட்டலாம்?" என்று தொடங்குவதுதான் முதல் தவறு. வெட்டித்தான் ஆக வேண்டும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். குழந்தைகளோடு பார்க்கிற படம் 120 பக்கத்தைத் தாண்டினால் கனக்கும். 47 அத்தியாயங்கள் கொண்ட 'லிட்டில் விமன்' நாவல் முழுசாக அதற்குள் அடங்காது. ஆனால் பாத்திரம் எதனால் மாறுகிறது என்பது பிடிபடுமுன் கத்தரியை எடுத்தால், சம்பவங்கள் தங்கிவிடும், காரணம் போய்விடும். அத்தியாயத்துக்கு ஓர் அட்டை வைத்து, அதன் முடிவில் யாரிடம் என்ன மாறியிருக்கிறது என்று ஒரே வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லாத அட்டைகளை முதலில் எடுத்துவிடலாம்.

1911-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் கார்டன்' நாவலில், இந்தியாவில் ஆயாவின் கையில் வளர்ந்த பத்து வயது மேரி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாளிகைக்கு வருகிறாள். மறுநாள் விடிந்ததும் பணிப்பெண் மார்த்தாவிடம் பேசாமல் பாதத்தை நீட்டுகிறாள், ஷூ மாட்டிவிடச் சொல்லி. திரையில் அரை நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டால், பிற்பாடு அவளே கூரான மரத்துண்டால் மண்ணைக் கிளறிக் களை பிடுங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? அந்த உழைப்புதான் கதை. 2020-இல் வந்த படம் சுவருக்குள் அடங்கிய தோட்டத்தைக் கணினி வரைகலையால் பிரம்மாண்டமாக்கி, நாவலில் இல்லாத தீ விபத்தையும் இறுதியில் சேர்த்தது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தோட்டம் தானாகவே அற்புதமாகிவிட்டால் பிள்ளைகள் செய்ய வேலை மிஞ்சாது.

குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்று துக்கத்தை மழுப்புவது அடுத்த தவறு. இயக்குநர் கிரேட்டா கெர்விக்கின் 'லிட்டில் விமன்' படம் (2019) இதை நேராகச் சந்திக்கிறது. அக்கா ஜோ கண் விழிக்கிறாள், நோயுற்றிருந்த தங்கை பெத்தின் படுக்கை காலி. படியிறங்கி ஓடினால், தங்கை தேறி மேசையருகே இருக்கிறாள். ஆண்டுகள் கழித்து அதே காலிப் படுக்கை, அதே படிகள். கீழே அம்மா மட்டும். பழைய நாள் பொன்னிற வெளிச்சத்தில், பிந்தைய நாள் நீலம் கலந்த குளிரில். மரணத்தைக் காட்டாமலே எட்டு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது.

மரப்பொம்மைச் சிறுவனின் கதையான 'பினோக்கியோ' 1881 முதல் 1883 வரை தொடராக வந்தது. தொடர்கதையில் ஒவ்வொரு பகுதியிலும், வாசகரை அடுத்த பகுதிக்கு இழுக்கும் ஒரு கொக்கி வேண்டும். எல்லாக் கொக்கிகளுக்கும் சம இடம் கொடுத்தால் படம் துண்டு துண்டாகிவிடும். ஓர் உறவை மட்டும் முதுகெலும்பாக வைத்து, அதைத் தொடாத சாகசங்களை விடுங்கள்.

ஆசிரியரின் குரலை அப்படியே பின்னணிக் குரலாக்குவதும் வழக்கமான சறுக்கல். அந்தக் குரலை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால், குரல் தேவையில்லை.

முதல் எடிட்டிங் முடிந்ததும் நாவலைப் படிக்காத பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சா?" என்று கேட்கும் இடங்களைக் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு காரணம் வெட்டப்பட்டிருக்கும்.

காப்புரிமையிலும் கவனம் தேவை. மூலநூலின் காலம் முடிந்திருந்தாலும், நீங்கள் படித்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். அதிலிருந்து வசனம் எடுப்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள். முந்தைய படம் புதிதாகச் சேர்த்த காட்சிகளும் அப்படித்தான்.