முதியோர் இல்லத்துக்குப் பெயின்ட் அடிக்கையில் செய்யக் கூடாதவை

இலங்கை மலையகத்தில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் நாள் குறிக்கும்போதே. ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் சுவர் உலரும். பதுளை, பண்டாரவளையில் அந்தக் கணக்குச் செல்லாது. அங்கு வறண்ட காற்று வீசுவது ஜூலை, ஆகஸ்டில். தேயிலைத் தொழிற்சாலையில் கேட்டாலே தெரிந்துவிடும்: தரமான தேயிலை வரும் மாதமே பெயின்ட் காயும் மாதம். நுவரெலியாவில் ஜனவரி வெயிலை நம்பி வெளிச்சுவரை மாலையில் பூசாதீர்கள். இரவில் உறைபனி விழும். பூச்சு நண்பகலுக்குள் முடியட்டும்.

குளிருக்குப் பயந்து இரவில் ஜன்னலை இறுக அடைப்பது நம் வழக்கம். அதனால் பகலில் பூசிய அறையில் அன்றிரவே ஒருவரைப் படுக்க வைக்கவே கூடாது. மூச்சு இளைப்பு உள்ளவர்களுக்கு அந்த வாடை பெரும் துன்பம். உள்ளே வாடை குறைந்த எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து பூசும் பெயின்ட், மட்டும் போதும். எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்ட் பூச வேண்டிய கதவைக் கழற்றி வெளிக் கொட்டகையில் பூசுங்கள். அதுவரை வாசலில் தடித்த திரை தொங்கட்டும். வயதானாலும் உடை மாற்ற மறைவு வேண்டும்.

எல்லோரையும் மண்டபத்தில் ஒன்றாகத் தள்ளிவிட்டு வேலையை விரைந்து முடிக்கலாம் என்பார்கள். நான் இதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஓர் அறையைக் காலியாக வைத்து, அறை அறையாக மாறுவதே சரி. நாட்கள் கூடும், கூடட்டும். முந்தின நாளே அறையில் இருப்பவரிடம் போய், "பாட்டி, நாளைக்கு உங்கள் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறோம், இரண்டு நாள் பக்கத்து அறையில் இருங்கள்" என்று சொல்ல வேண்டும். மறதி நோய் உள்ளவரானால் காலையில் மறுபடியும் சொல்லுங்கள். அவர் தலையணை, போர்வை, சாமி படம் எல்லாம் அவருடனே போகட்டும்.

ஒருமுறை எங்கள் ஆட்கள் சுவரில் இருந்த பழைய ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைப் புட்டியால் அடைத்துவிட்டார்கள். கணவரின் படம் மாட்டியிருந்த ஆணி அது. புதுச் சுவரைப் பார்த்து அந்த அம்மா, "இது என் அறை இல்லை" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அறைக்குள் போனதும் முதலில் ஆணிகளைக் குறித்துக்கொள்கிறேன். கதவின் நிறத்தையும் கேட்காமல் மாற்றுவதில்லை. சிலருக்கு அந்த நிறம்தான் வழிகாட்டி.

நடைபாதையின் இரு பக்கக் கைப்பிடிகளையும் ஒரே நாளில் பூசுவது ஆபத்து. பிடிக்க ஒன்றுமில்லாமல் போகும். இன்று இடப்பக்கம், நன்றாகக் காய்ந்தபின் வலப்பக்கம். கைப்பிடிக்குச் சுவரின் நிறத்தையே கொடுக்காதீர்கள், மங்கிய பார்வைக்கு அது தெரியாது.

பழைய கதவுகளை உலர்ந்தபடி தேய்ப்பது இன்னொரு பெருந்தவறு. இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கான வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பூஞ்சணத்தின் மேலேயே பூசினால் அடுத்த மழையில் கறுப்பு மீண்டும் வரும். ஒழுகும் கூரைத் தகரத்தையும், கூரைத் தண்ணீர் வடியும் பீலி அடைத்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். பீலியை ஆண்டுதோறும் மழைக்கு முன் துப்புரவாக்கினால் சுவரைத் தொட வேண்டிய தேவையே குறையும். பாட்டிமாரை அறையிலிருந்து எழுப்பும் தடவைகளும் குறையும்.