எழுத்து மங்கலா தெரியுதா? கண்ணாடிய மாத்துறதுக்கு முன்னாடி இத பண்ணி பாருங்க

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். நோட்பேட்ல "கண்ணன்"னு அடிச்சு, வழக்கமா படிக்கிற சைஸ்லயே பாருங்க. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, ரெண்டும் தனித்தனியா பளிச்சுனு தெரியணும். சுழியெல்லாம் அடைச்சு கருப்பு பொட்டு மாதிரி இருந்தா கீழ இருக்கறத வரிசையா பண்ணுங்க, வரிசைய மாத்தாதீங்க. இது விண்டோஸ் 10, 11க்கு எழுதினது.

1. ரெசல்யூஷன்

டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்க. டிஸ்ப்ளே ரெசல்யூஷன்ல "ரெகமண்டட்"னு போட்டிருக்கறதுதான் உங்க மானிட்டர்ல உண்மையா இருக்கற புள்ளிகளோட (பிக்சல்) எண்ணிக்கை, அதையே வைங்க. எழுத்து பெருசா வேணும்னு இத குறைக்கறவங்கதான் ஜாஸ்தி, நானும் 1920x1080 மானிட்டர்ல 1366x768 வச்சுக்கிட்டு மாசக்கணக்கா கண்ண கசக்கிட்டு உக்காந்திருந்தவன்தான். அப்படி வச்சா ஒரு புள்ளிய சுமார் 1.4 புள்ளில காட்டணும், அரை புள்ளின்னு ஒண்ணு கிடையாதே, அதனால பக்கத்து புள்ளிக்கும் கொஞ்சம் பூசி விட்டுரும், மங்கல் வர்றது அங்கதான்.

2. ஸ்கேல்

பெருசாக்கணும்னா அதே பக்கத்துல ஸ்கேல்னு இருக்கும், 125 இல்லனா 150 வைங்க. இது எழுத்த இழுக்காது, பெரிய சைஸ்ல புதுசா வரையும். பழைய சாஃப்ட்வேர் ஏதாவது மட்டும் கலங்கலா தெரிஞ்சா அந்த ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போயி கீழ இருக்கற ஓவர்ரைட ஆன் பண்ணி "அப்ளிகேஷன்" செலக்ட் பண்ணுங்க. சிலதுல எழுத்து ரொம்ப குட்டியாயிடும், அப்ப பழையபடி மாத்திருங்க.

3. க்ளியர்டைப்

இது எழுத்தோட ஓரத்த தெளிவாக்கற விண்டோஸ் வசதி. ஸ்டார்ட் மெனுல க்ளியர்டைப்னு இங்கிலீஷ்ல தேடினா "அட்ஜஸ்ட் க்ளியர்டைப் டெக்ஸ்ட்" வரும். டிக் போட்டு நெக்ஸ்ட் குடுத்தா வரிசையா சாம்பிள் காட்டி எது நல்லா இருக்குன்னு கேக்கும். ரொம்ப யோசிக்காதீங்க, சட்டுனு கண்ணுக்கு பட்டத கிளிக் பண்ணுங்க, உத்து உத்து பாத்தா எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டு மானிட்டர் இருந்தா ரெண்டுக்கும் பண்ணணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு மெல்லிசு பட்டை, க்ளியர்டைப் அந்த பட்டைகள தனித்தனியா ஏத்தி இறக்கி ஓரத்த வழவழப்பாக்குது. பிரவுசர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பெயிண்ட்ல 800 சதவீதம் ஜூம் பண்ணா கருப்பு எழுத்தோட ஒரு ஓரம் சிவப்பாவும் இன்னொரு ஓரம் நீலமாவும் தெரியும். வைரஸ்லாம் இல்ல, பயப்படாதீங்க. மானிட்டர நெட்டுக்குத்தா திருப்பி வச்சிருக்கறவங்களுக்கு பட்டையும் சேந்து திரும்பிடுறதால இது அவ்வளவா உதவாது.

4. தமிழுக்கு ஃபாண்ட்

பழைய லதா ஃபாண்ட விட நிர்மலா யூஐ சின்ன சைஸ்ல எனக்கு தெளிவா இருக்கு, விண்டோஸ் 8ல இருந்தே கூட வருது. நோட்டோ சான்ஸ் தமிழும் ஃப்ரீதான், டவுன்லோட் பண்ணி ரைட் கிளிக், இன்ஸ்டால். ஃபயர்ஃபாக்ஸ்ல செட்டிங்ஸ், ஃபாண்ட்ஸ், அட்வான்ஸ்ட் போனா தமிழுக்குன்னு தனியா ஃபாண்ட், மினிமம் சைஸ் ரெண்டுமே வைக்கலாம், அந்த மினிமத்த 14 ஆக்குங்க, முக்கால்வாசி சுழி அங்கயே திறந்துரும்.

5. மானிட்டர் பட்டன்

எழுத்த சுத்தி வெள்ளையா நிழல் மாதிரி தெரிஞ்சா மானிட்டர் மெனுல ஷார்ப்னெஸ் ஏறியிருக்கும், குறைங்க. பழைய விஜிஏ கேபிள்னா ஆட்டோ அட்ஜஸ்ட் ஒரு தடவ அமுக்குங்க, முடிஞ்சா கேபிளயே எச்டிஎம்ஐக்கு மாத்திருங்க.

லினக்ஸ்ல க்னோம் டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்க ட்வீக்ஸ்ங்கற ஆப்ல ஃபாண்ட்ஸ் போயி ஹின்ட்டிங் "ஸ்லைட்", ஆன்டிஅலையசிங் "சப்பிக்சல்" வச்சா போதும்.

இப்ப அந்த "கண்ணன்"ன திரும்ப பாருங்க. இன்னும் சுழி அடைச்சிருந்தா ஸ்கேல்ல இன்னொரு படி ஏத்துங்க.