சி லைப்ரரியில் பஃபர் வைத்து ஃபைலில் எழுதுவது: எஃப்புட்சி முதல் எஃப்குளோஸ் வரை

ஒரு பைட்டை ஃபைலில் எழுதும் எஃப்புட்சி ஃபங்ஷன் ஒவ்வொரு பைட்டுக்கும் கர்னலை (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை) கூப்பிட்டால் 10,000 எழுத்துக்கு 10,000 சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஆகும். நடுவில் 4096 பைட் பஃபர் (பைட்டுகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) ஒன்றை வைத்தால் அதே வேலை மூன்றே ரைட் காலில் முடியும்: 4096, 4096, மிச்சம் 1808. பஃபரில் பைட்டைப் போடுவது நாலைந்து வரி வேலைதான். அதை எப்போது காலி செய்வது (சேர்ந்ததைக் கர்னலுக்கு அனுப்புவது), எந்த வரிசையில் செய்வது, பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

லினக்ஸ் போன்ற போசிக்ஸ் (யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான பொதுத் தரநிலை) சூழலில் ஓப்பன், ரைட், குளோஸ் ஆகிய சிஸ்டம் கால்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, எழுதும் ஃபங்ஷன்களை நாமே உருவாக்கத் தொடங்கலாம். படிக்கும் பக்கத்தை இங்கே தொடவில்லை.

படி 1: ஸ்ட்ரக்ட்

ஃபைல் ஸ்ட்ரக்டில் எட்டு விஷயங்கள் போதும்: ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்குக் கர்னல் தரும் எண்), பஃபரின் தொடக்கத்தைக் காட்டும் பாயிண்டர், பஃபரின் கொள்ளளவு, இப்போது நிரம்பியிருக்கும் பைட் எண்ணிக்கை, பஃபர் முறை (முழு, வரி, பஃபர் இல்லை), எரர் ஃப்ளாக், பஃபரை நாமே மேலாக் செய்தோமா (மெமரியில் இடம் ஒதுக்கினோமா) என்ற ஃப்ளாக், திறந்திருக்கும் அடுத்த ஃபைலைக் காட்டும் பாயிண்டர். கடைசியில் உள்ளது இப்போது தேவையில்லாதது போலத் தெரியும். ஆனால் அது இல்லாமல் படி 6 நடக்காது.

படி 2: திறப்பது

எழுதும் மோடுக்கு மூன்று ஃப்ளாக்: எழுத மட்டும், இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் காலி செய். சேர்த்து எழுதும் மோடில் மூன்றாவதற்குப் பதில் அப்பெண்ட் ஃப்ளாக். அனுமதி 0666; வேண்டாத அனுமதிகளை நீக்கும் யூமாஸ்க் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பஃபரை இங்கேயே மேலாக் செய்யாதீர்கள். ஃபைலைத் திறந்த பிறகும், முதல் எழுத்து போவதற்கு முன் செட்விபஃப் மூலம் சொந்த பஃபர் தர யூசருக்கு உரிமை உண்டு. ஆகவே முதல் முறை எழுதும்போது ஒதுக்குவதுதான் சரி. டெர்மினலா என்று ஐஎஸ்ஏடிடிஒய் மூலம் பார்ப்பதும் அப்போதுதான் (டெர்மினல் என்றால் வரி முறை). டெர்மினல் இல்லையென்றால் அந்தச் சோதனை எர்னோவை (கடைசி எரரின் எண்ணை வைத்திருக்கும் மாறியை) மாற்றிவிடும். பிறகு வேறு ஏதோ தவறு என்று எர்னோவை அச்சிடுபவருக்குச் சம்பந்தமே இல்லாத செய்தி கிடைக்கும். முன்னதாக எர்னோவை எடுத்து வைத்து, சோதனை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

படி 3: காலி செய்யும் உள் ஃபங்ஷன்

மொத்த லைப்ரரியும் இதன் மேல்தான் நிற்கிறது. பஃபரில் 4096 பைட் இருக்கிறது, ரைட்டைக் கூப்பிடுகிறோம். அது 1500 என்று திருப்பிக் கொடுக்கலாம். இது எரர் அல்ல. கேட்ட அத்தனையையும் எழுதுவேன் என்று ரைட் எப்போதும் வாக்குக் கொடுப்பதில்லை. மிச்சம் 2596 பைட்டை 1500-ஆவது இடத்திலிருந்து மறுபடி கொடுக்க வேண்டும். எல்லாம் போய்ச் சேரும் வரை லூப் ஓடும்.

இப்போது இரண்டாவது காலில் மைனஸ் 1 வருகிறது, டிஸ்கில் இடமில்லை. புதிதாக எழுதுபவர்கள் இங்கே எரர் ஃப்ளாக்கை வைத்து அப்படியே திரும்பிவிடுவார்கள். எண்ணிக்கை 4096 என்றே நிற்கும். யூசர் டிஸ்கில் இடம் உண்டாக்கிவிட்டு, பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃப்ளஷ்ஷை மறுபடி கூப்பிட்டால் முதல் 1500 பைட் ஃபைலில் இரண்டு முறை விழும். திரும்பும் முன் மிச்சம் 2596 பைட்டை மெம்மூவ் மூலம் பஃபரின் முன்பக்கத்துக்கு நகர்த்தி, எண்ணிக்கையை 2596 ஆக்குங்கள். பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மெம்கபி இங்கே ஆகாது.

சிக்னல் குறுக்கிட்டதால் வந்த ஈஐஎன்டிஆர் எரரை என்ன செய்வது? தானாக மறுபடி முயன்றால், அலாரம் வைத்து வெளியே வர நினைக்கும் புரோகிராம் மாட்டிக்கொள்ளும். எரராகத் திருப்பிக் கொடுக்க போசிக்ஸ் இடம் தருகிறது. மிச்ச பைட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பதால், திருப்பிக் கொடுப்பதே நல்லது.

படி 4: எஃப்புட்சி

பஃபர் நிரம்பியிருந்தால் காலி செய், பைட்டைப் போடு, எண்ணிக்கையைக் கூட்டு. வரி முறையில் இருந்து, போட்டது நியூலைன் என்றால் உடனே காலி செய். பஃபர் இல்லாத முறையில் எப்போதுமே காலி செய்.

திருப்பிக் கொடுக்கும் மதிப்பை அன்சைன்ட் கேராக மாற்றிக் கொடுங்கள். கேர் சைன்டாக இருக்கும் கம்பைலரில் 255 என்ற பைட் மைனஸ் 1 ஆகிவிடும். தோல்வியைக் குறிக்கும் இஓஎஃப் மதிப்பும் பெரும்பாலும் அதுவே. சாதாரண எழுத்துகளில் எல்லாம் சரியாக நடக்கும், படத்தை நகலெடுக்கும்போது மட்டும் பொய்யாக எரர் வரும்.

படி 5: எஃப்ரைட்

பல பைட்டுகளை ஒரே முறையில் எழுதும் எஃப்ரைட்டுக்கு, எஃப்புட்சியை லூப்பில் கூப்பிட்டாலே வேலை நடக்கும். முதலில் அப்படியே எழுதிச் சோதித்துவிட்டு, பிறகு மெம்கபிக்கு மாற்றுங்கள். பஃபரை விடப் பெரிய துண்டு வந்தால் பஃபரில் நகலெடுக்காமல் நேராக ரைட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன் பஃபரில் காத்திருப்பதைக் காலி செய்தாக வேண்டும். மறந்தால் பின்னால் எழுதியது முன்னால் போய்விடும்.

ஓர் உருப்படியின் அளவையும் உருப்படிகளின் எண்ணிக்கையையும் பெருக்கும் முன் ஓவர்ஃப்ளோ பாருங்கள். திருப்பிக் கொடுப்பது முழுதாகப் போன உருப்படிகளின் எண்ணிக்கை, பைட்டுகள் அல்ல. அளவு சுழியமாக இருந்தால் சுழியம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் வகுக்கும் இடத்தில் கிராஷ் ஆகும்.

படி 6: மூடுவதும் எக்ஸிட்டும்

எஃப்குளோஸில் காலி செய்வது தோற்றாலும் டிஸ்கிரிப்டரை மூடியே ஆக வேண்டும். இரண்டில் எது தோற்றாலும் இஓஎஃப் கொடுங்கள். நாம் ஒதுக்கிய பஃபரை மட்டும் ஃப்ரீ செய்யுங்கள், திறந்திருக்கும் ஃபைல்களின் லிஸ்டிலிருந்து (படி 1-இல் வைத்த கடைசி பாயிண்டரால் ஆனது) இந்த ஃபைலை நீக்குங்கள்.

புரோகிராமை முடிக்கும் எக்ஸிட், முடியும்போது ஓட்டும்படி அட்எக்ஸிட்டில் பதிந்த ஃபங்ஷன்களை முதலில் ஓட்ட வேண்டும், பிறகுதான் லிஸ்டில் உள்ள ஃபைல்களைக் காலி செய்ய வேண்டும். அந்த ஃபங்ஷன்களும் ஏதாவது எழுதலாம் அல்லவா? மெயினுக்குள் லோக்கல் அரேயை அறிவித்து செட்விபஃப்புக்குக் கொடுத்தவர் இங்கேதான் மாட்டுவார். மெயின் முடிந்ததும் அந்த இடம் செல்லாது, கடைசித் துண்டு குப்பையாகப் போகும். இது யூசரின் தவறு, லைப்ரரியால் தடுக்க முடியாது. ஆவணத்தில் எழுதி வையுங்கள்.

ஃபோர்க் செய்தால் (புராசஸை இரண்டாக்கினால்) பஃபரும் நகலாகும். காத்திருந்த வரி இரண்டு புராசஸிலிருந்தும் வெளியே வரும். டெர்மினலில் நியூலைனோடு அச்சிட்டால் இது தெரியாது, பைப்புக்கோ ஃபைலுக்கோ திருப்பினால்தான் தெரியும். ஃபோர்க்குக்கு முன் எஃப்ஃப்ளஷ் கூப்பிடுவதே வழி.

படி 7: சோதனை

10,000 முறை எஃப்புட்சி கூப்பிடும் புரோகிராமை, சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸில் ஓட்டுங்கள். மூன்று ரைட் தெரிய வேண்டும். ஃபைல் 8192 பைட்டிலேயே நின்றால் எக்ஸிட் காலி செய்யவில்லை. அடுத்து லினக்ஸில் உள்ள /டெவ்/ஃபுல் டிவைஸைத் திறந்து ஒரே ஒரு எழுத்தை எழுதுங்கள். அது எந்த ரைட்டுக்கும் இடமில்லை என்றே பதில் சொல்லும். எழுத்து பஃபரில்தான் விழுகிறது என்பதால் எஃப்புட்சி வெற்றி என்று சொல்வது சரியே. எஃப்குளோஸ் இஓஎஃப் கொடுக்க வேண்டும். அது சுழியம் கொடுத்தால் எரர் வழியில் எங்கோ தொலைகிறது, படி 3-க்குப் போய் லூப்பை மறுபடி பாருங்கள்.