மாசியில் குளம் குளமாகப் பறவை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு நாள் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். கூந்தன்குளம், விஜயநாராயணம், நயினார்குளம், திருப்புடைமருதூர், போகிற வழியில் இன்னும் நாலு என்று எட்டு இடம் குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் அதிகம் பார்த்தது ரோட்டைத்தான். மூன்று இடம் போதும். காலையில் போகும் குளத்துக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

எந்த மூன்று என்பதைத் தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பெருகிய குளங்கள் பிசான நெல் பருவத்துக்குப் பாய்ந்து, மாசியில் உள்வாங்கிக் கிடக்கும். தண்ணீர் நிறைந்த குளமாகவே தேடிப் போனால் நாமக்கோழியும் வாத்தும் கிடைக்கும். உள்ளான், பச்சைக்காலி, கருவால் மூக்கன் போன்ற கரைப்பறவைகள் எல்லாம் சேறும் கணுக்கால் தண்ணீரும் உள்ள இடத்தில்தான் மேயும். ஆகவே நிறைகுளம் ஒன்று, பாதி வற்றியது ஒன்று, அறுவடையான வயல் ஒன்று. ‘சேறு தெரியுதா’ என்று முதல் நாளே ஊர்க்காரர் யாரிடமாவது போனில் கேட்டுவிட்டால் பாதி பெட்ரோல் மிச்சம்.

வரித்தலை வாத்துக்காகப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கு வந்து இறங்குவது வாடிக்கை. அது பெரும்பாலும் இரவில் வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்தில் ஓய்வெடுக்கும் பறவை. ஒன்பது மணிக்குத் தலையை முதுகில் செருகித் தூங்கும் சாம்பல் மூட்டைகள்தான் தெரியும். ஆறரையை ஒட்டி விடிகிறது. அதற்கு முன்பே போய்விடுங்கள்.

போனதும் கரை உச்சியில் ஏறி நிற்காதீர்கள். வானத்துக்கு எதிரே ஆள் உருவம் தெரிந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். உட்சரிவில் இறங்கி, கரையை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. வெயில் முதுகில் விழ வேண்டும். மேய்கிற பறவைகள் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நாலு எட்டு பின்வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும். அப்போது முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்து பெருக்கும், 20 மடங்குக்கு இறக்குங்கள்.

பைனாகுலர் 8x42 போதும்; 8 என்பது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மி.மீ.-இல். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., கையடக்கமான 10x25-இல் அது 2.5 மி.மீ. தான், விடியலில் எல்லாம் இருட்டாகத் தெரியும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் சரிசெய்யாமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. வலது கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அவ்வளவுதான்.

இந்தப் பருவத்தில் அலகு நிறத்தை மட்டும் நம்பிக் கொக்குக்குப் பெயர் வைப்பது பெரிய வம்பு. குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்க நெருங்கப் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுக்கும். வாயோரக் கோட்டைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. சின்னக் கொக்குக்குக் கறுப்புக் காலில் மஞ்சள் விரல். சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது; காலைத் தூக்கும்வரை பொறுத்திருங்கள்.

கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். படத்துக்காக மரத்தடிக்குப் போனால் தாய் எழும்பும், காக்கை முட்டையைக் கொத்தும். சிறகு நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும். பட்டாசைத் தவிர்த்து இந்தப் பறவைகளைக் காக்கிற ஊர் அது.

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளமான இ-பேர்டில் நாள் முழுவதையும் ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். எந்தப் பறவை எந்தக் குளத்தில் இருந்தது என்றே தெரியாமல் போகும். குளத்துக்கு ஒரு பட்டியல். எண்ணிக்கைக்குப் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். எண்ணி முடிக்குமுன் எழும்பிவிட்டால், அதுவரை எண்ணியதை எழுதி, பாதிக் கணக்கு என்று குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.