பெண்களுக்கான வாராந்தரக் கால்பந்துப் பயிற்சி: தொடங்குவதும் நிலைக்க வைப்பதும்

பந்து வாங்கும் முன் கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம், ஒரே இடம். மூன்று மாதத்துக்கு இதை அசைக்கவே கூடாது. "இந்த வாரம் யாருக்கு எப்போது வசதி?" என்று வாட்ஸ்ஆப் குழுவில் கேட்கத் தொடங்கினால் நான்காவது வாரம் மைதானத்தில் ஆள் இருக்காது. வேலைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டது போக மிஞ்சும் நேரத்தில்தான் பெரும்பாலான பெண்கள் வருகிறார்கள். கிழமை மாறாமல் இருந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களும் அதற்கேற்பப் பழகிவிடுவார்கள்.

இடத்தை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். நாள், நேரம், எத்தனை மாதம் என்பதை எழுத்தில் பெறுங்கள். இல்லையென்றால் ஆண்கள் அணிக்கு ஒரு போட்டி வந்ததும் முதலில் பறிபோவது உங்கள் நேரம்தான். பெண்கள் கால்பந்தின் வரலாற்றிலேயே பெரிய அடி மைதானத்தின் வழியாகத்தான் விழுந்தது. 1920-இல் இங்கிலாந்தில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று முடிவெடுத்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது.

இடத்தை நேரில் பார்க்கும்போது, பயிற்சி முடியும் நேரத்துக்கே போய்ப் பாருங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைக்கூடையும் இருக்கின்றனவா? வண்டி நிறுத்துமிடம் வரைக்கும், பஸ் நிறுத்தம் வரைக்கும் வெளிச்சம் உண்டா? ஆடுகளத்தில் மட்டும் விளக்கு எரிந்தால் போதாது.

முழு மைதானம் தேவையில்லை. நால்வருக்கு நால்வர் ஆட 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் போதும். பதினாறு பேர் வந்தால் இரண்டு களம் போடுங்கள். பதினொருவர் ஆட்டத்தில் புதிதாக வந்தவரின் காலில் பந்து படுவதே அபூர்வம். அவர் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த வாரம் வராமல் போவார். கோலுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் இரு கூம்புகள் வையுங்கள். நகர்த்தக்கூடிய இரும்புக் கோல்கம்பம் இருந்தால், பின்சட்டத்தில் மணல்மூட்டை ஏற்றியோ தரையில் ஆணியடித்தோ இறுக்காமல் பயன்படுத்தாதீர்கள். அப்படிப்பட்ட கம்பம் முன்பக்கம் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதில் யாரையும் தொங்கவிடக் கூடாது.

பெரியவர்களுக்கு ஐந்தாம் எண் பந்து, இருவருக்கு ஒன்று. கூட வரும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நான்காம் எண். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இருக்கலாம். புதியவர்களுக்குக் கீழ் அளவே நல்லது. கல்லாக இறுகிய பந்து பாதத்தில் வலிக்கும், நிறுத்த வராமல் துள்ளிப்போகும். பம்பு ஊசியை ஈரப்படுத்திய பிறகே செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

ஷின்கார்டு (முன்னங்காலைக் காக்கும் தகடு) இல்லாமல் யாரையும் ஆட்டத்தில் இறக்க வேண்டாம். செயற்கைப் புல்லில் நீண்ட ஸ்டட்ஸ் (காலணியின் அடியிலுள்ள முளைகள்) கூடாது. ஸ்டட்ஸ் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, உடல் திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அணிக்கு உடை எடுப்பதானால் கால்சட்டை அடர்நிறத்தில் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் கால்சட்டை எத்தனை பேரைத் தயங்க வைக்கிறது என்பதைப் பேசவே நீண்ட காலம் ஆயிற்று. இங்கிலாந்துப் பெண்கள் அணியே 2023-இல்தான் நீலத்துக்கு மாறியது. தலையை மூடி ஆட விரும்புபவர்களுக்கு 2014 முதல் ஆட்டவிதிகளிலும் இடமுண்டு. துணி தலையோடு ஒட்டியபடி, குத்தும் ஊசி இல்லாமல் இருந்தால் போதும்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: உடலைத் தயாராக்க 20 நிமிடம், இருவர் இருவராகப் பந்துடன் 15, சிறு ஆட்டம் 30, உடலைத் தளர்த்திச் சாமான் எடுத்து வைக்க 10. வரிசையில் நின்று ஒவ்வொருவராக உதைக்கும் பயிற்சி வேண்டாம். அதில் நிற்கும் நேரமே அதிகம்.

அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது அந்த 20 நிமிடம். அதைத்தான் வெட்டவே கூடாது. முழங்காலை நிலையாகப் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, குதித்து இறங்கும்போதோ சட்டெனத் திரும்பும்போதோ கிழிகிறது. ஃபிஃபாவின் 'லெவன் பிளஸ்' உடற்பயிற்சி வரிசை இத்தகைய காயங்களைத் தடுக்கவே உருவானது: 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு, 2 நிமிடம் வேக ஓட்டம். நடத்துபவர் முழங்கால்களை உற்றுப் பார்க்க வேண்டும். குதித்து இறங்கும்போது அவை உள்பக்கம் சரியாமல், கால்விரல்களுக்கு நேராக மடங்க வேண்டும். இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. வாரம் இரு முறையாவது செய்தால்தான் முழுப் பலன், அதனால் இன்னொரு நாள் வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டவர் தலைசுற்றல், குமட்டல், குழப்பம் என்று எதைச் சொன்னாலும் அன்று மீண்டும் ஆடக் கூடாது. "இப்போ சரியாயிட்டேன்" என்றாலும் கூடாது. தனியாக வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால், தலைவலி கூடிக்கொண்டே போனால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இடிச்சத்தம் கேட்டால் களத்தைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

இனி தன்னார்வலர்கள். எல்லாவற்றையும் ஒருவரே தூக்கிச் சுமப்பதுதான் இத்தகைய குழுக்கள் கலைவதற்கு முதல் காரணம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பயிற்சியே நின்றுவிடும். வேலையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஆளோடு இரண்டு மாதத்துக்கு ஒப்படையுங்கள்: பயிற்சி நடத்துவது, சாமான், வருகைப் பதிவும் முதலுதவியும், குழந்தைகளைப் பார்ப்பது. பதிவேட்டில் அவசரத் தொடர்பு எண்ணும், ஆஸ்துமா போன்ற நோய் விவரமும் இருக்க வேண்டும். அது மைதானத்துக்கே வர வேண்டும், ஆனால் எல்லார் கண்ணிலும் படக் கூடாது. குழந்தைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், ஒருவர் மட்டும் கூடாது. படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

"யாராவது உதவுங்களேன்" என்று குழுவில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒருவரைத் தனியாக அழைத்து, "செவ்வாய்க்கிழமை கால் மணி நேரம் முன்னால் வந்து கூம்பு வைத்துத் தர முடியுமா?" என்று கேளுங்கள். வேலையின் அளவு தெரிந்தால் ஒப்புக்கொள்வது எளிது. ஆடத் தெரியாதவரும் ஆட விரும்பாதவரும் இதில் நன்றாகப் பொருந்துவார்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரைப் பதிவேடு வைத்திருப்பவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் மன்னிப்பு மட்டுமே கிடைக்கும். "நேரமா, குழந்தையா, வண்டியா, எது இடிக்கிறது?" என்று கேளுங்கள். ஒரே பதில் மூன்று பேரிடமிருந்து வந்தால், மாற்ற வேண்டியது பயிற்சியின் ஏற்பாட்டைத்தான்.