மீட்டர் பெட்டியில் தேனீயா? எந்தத் தேனீ என்று பார்ப்பது எப்படி

"கொலைகாரத் தேனீ" வீடியோவைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் கூடு கட்டியிருப்பதும் அதுதானோ என்று தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பயப்படுகிறவர்கள் உண்டு. அது இங்கே இல்லை. 1956-இல் வார்விக் கெர் என்ற மரபியலாளர் ஆப்பிரிக்காவிலிருந்து ராணித் தேனீக்களை பிரேசிலுக்குக் கொண்டுபோனார். மறு வருடம் 26 கூட்டங்கள் தப்பிப் பறந்து, அங்கிருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்தன. "கொலைகாரத் தேனீ" என்கிற அந்தக் கலப்பினம்தான் 1990-இல் டெக்சாஸ் வரை போய்ச் சேர்ந்தது. நம்மிடம் இருப்பது அதன் தாய் இனமான ஸ்கூட்டெல்லாட்டா. இந்த மண்ணின் சொந்தத் தேனீ.

முதலில், அது தேனீதானா என்று பாருங்கள். உடம்பில் மெல்லிய முடி, பழுப்பு நிறம், பின்னங்காலில் மஞ்சளாக மகரந்த உருண்டை இருந்தால் தேனீ. வழவழவென்ற உடம்பும் ஒடுங்கிய இடுப்பும் என்றால் குளவி.

அடுத்து நிறம். ஸ்கூட்டெல்லாட்டாவின் வயிற்றில் மஞ்சள் பட்டைகள் தெரியும். கேப் பகுதித் தேனீ இன்னும் கறுப்பு. இதை மட்டும் லேசாக விட வேண்டாம். கேப் தேனீயில் வேலைக்காரத் தேனீகூட ஆண் துணையின்றி முட்டையிட்டுப் பெண் தேனீக்களை உருவாக்கும். 1990 வாக்கில் கேப் தேனீப் பெட்டிகளை வடக்கே கொண்டுபோனபோது, அந்தத் தேனீக்கள் ஸ்கூட்டெல்லாட்டா கூடுகளுக்குள் புகுந்தன. ராணி போனது, வேலை செய்ய ஆளில்லை, கூடு கூடாக அழிந்தது. தேனீ வளர்க்க ஆசைப்பட்டால், கேப் பக்கத்திலிருந்து பெட்டி வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம் ஒரு ஸ்கேல் எடுங்கள். தேனீக்கள் விட்டுப்போன பழைய அடை கிடைத்தால், வேலைக்காரத் தேனீக்கான சிறிய அறைகள் பத்தை வரிசையாக அளந்து பாருங்கள். ஆப்பிரிக்கத் தேனீ என்றால் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஐரோப்பியத் தேனீ என்றால் கொஞ்சம் கூடும். பறக்கும் ஒற்றைத் தேனீயை வெறும் கண்ணால் பார்த்துக் கலப்பினமா என்று சொல்லவே முடியாது. அதற்கு இறக்கையை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும், அல்லது டிஎன்ஏ சோதனை வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் முக்கியமானது, அது கூட்டமா கூடா என்பது. லிச்சி மரக்கிளையில் கொத்தாகத் தொங்கினால், புது இடம் தேடும் கூட்டம். காக்க அடையும் குஞ்சும் இல்லாததால் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், தானாகவே கிளம்பிவிடும். ஒரே ஓட்டை வழியாக மகரந்தத்தோடு போய் வந்தால் அது கூடு. பக்கத்தில் புல் வெட்டும் மெஷினை ஓட்டாதீர்கள், நாயைக் கட்டிப்போடாதீர்கள். பெட்ரோல், மருந்து எதுவும் ஊற்றவும் வேண்டாம். தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள், உயிரோடு எடுத்துப்போவார்.

துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், மேலேயே காத்திருக்கும். அடிக்கவும் வேண்டாம். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும், அது மற்றத் தேனீக்களை அங்கேயே அழைக்கும். உள்ளே போனதும் கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ, நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலோ, ஆம்புலன்சுக்கு 10177 அல்லது மொபைலில் 112-ஐக் கூப்பிடுங்கள்.